மறதி நோயுற்ற முதியோருக்குப் பணிக்கூடம்



பெற்ற மகனின் பெயரை மறந்த முதியவரும், நிலக்கடலையைக் கையில் கொடுத்தால் உரிக்கிறார். பழகிய கைவேலையின் நினைவு நெடுநாள் நிற்கும். நெதர்லாந்து நாட்டில் இத்தகையோர் பகற்பொழுதில் பண்ணைகளுக்குச் சென்று, கோழிக்குத் தீனியிட்டுத் தோட்டவேலையும் செய்கின்றனர்.

நம் ஊராட்சிகளும் இதற்கு முன்வரலாம். நிழலான கூடம் ஒன்றும், நான்கைந்து பேருக்கு ஒரு துணைவரும், காலையில் இரண்டு மணி நேரமும் போதும். புளியில் கொட்டை எடுத்தல், பூத்தொடுத்தல், விதை பொறுக்குதல் ஆகியவற்றில் அவரவர் பழகியதைக் கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு செயலையே சொல்லுங்கள். பிழை நேர்ந்தால் கடிந்துகொள்ளாதீர்கள். அரிவாளும் பூச்சிமருந்தும் அருகில் இருத்தலாகாது. கிணற்றுக்குத் தடுப்பு வேண்டும்.

வேலை நோயைத் தீர்க்காது. ஆயினும், திண்ணையில் ஒதுக்கப்பட்டவர் ஊருக்கு வேண்டியவராக அமர்வார். அவரைப் பேணும் மருமகளுக்கும் சற்று ஓய்வு கிட்டும்.