துணைக்கு வந்தவர்



செக் நாட்டில் பிராக் நகருக்கு அருகே கிளாட்னோ என்றோர் எஃகு ஆலை ஊர் உண்டு. ஐஸ் ஹாக்கி வீரர் யாரோமிர் யாகிர் பிறந்தது அங்கேதான். 1990-இல், அவருடைய 18-ஆம் வயதில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. அதற்குமுன், கம்யூனிச ஆட்சியில், அங்கே விளையாட விரும்பிய வீரர்கள் பலர் நாட்டைவிட்டுத் தப்பியோட வேண்டியிருந்தது. இவருக்கோ கதவு திறந்திருந்தது.

போன இடத்தில் மொழி தெரியவில்லை. வீட்டு நினைவு வாட்டியது. பிள்ளையை வெளியூர் விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பிய பெற்றோருக்கு இது நன்றாகவே புரியும். கால்களில் அவ்வளவு திறமை இருந்தும், மனம்விட்டுப் பேச ஆளில்லை.

அணி நிர்வாகம் இதைக் கவனித்தது. அந்த டிசம்பரில் கால்கரி அணியிலிருந்து யிர்ஷி ஹர்தினாவை வரவழைத்தார்கள். வயது 32. அவரும் செக் மொழிக்காரர். 1988-இல் தாமும் கடல்கடந்து வந்தவர். பெரிய நட்சத்திரம் அல்ல. ஆனாலும் அவர்கள் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தம்பிக்கு அண்ணனைப்போல் அவர் பக்கத்தில் இருந்தார்.

1991, 1992 இரண்டு ஆண்டும் ஸ்டான்லி கோப்பை பிட்ஸ்பர்க்குக்கே. அத்தோடு ஹர்தினா ஓய்வு பெற்றார். யாகிர் ஐம்பது வயதைத் தாண்டியும், அதே கிளாட்னோவில், பனித்தளத்தில் இறங்கினார்.