பயந்துகொண்டே செய்த காரியம்

(மழைக்காலத்துக்கு முன் தோட்டச் சிற்றாலயத்தில் நடந்த குடும்பக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



தைரியத்தைப் பற்றிப் பேசும்படி போதகர் ஐயா கேட்டபோது எனக்கே சிரிப்பு வந்தது. நான் எவ்வளவு பயந்தவன் என்று உங்களில் பல பேருக்குத் தெரியும்.

சில வருஷங்களுக்கு முன் ஓர் இரவு மண்சரிவு எச்சரிக்கை வந்தது. மேல் லயத்தார் எல்லாரையும் எழுப்பி பாடசாலைக்கு அனுப்பினேன். மழை விட்டுவிட்டது, ஒன்றும் நடக்கவில்லை. விடிந்ததும் பிரட்டுக்களத்தில், "சார் நம்மள நல்லா நனைய வச்சிட்டாரு" என்று சிரித்தார்கள். அடுத்த முறை எச்சரிக்கை வந்தபோது என் கால் எழும்பவில்லை. மலை இடியும் என்ற பயத்தைவிட மறுபடியும் சிரிப்பார்களே என்ற பயம் பெரிதாக இருந்தது. கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

வேதத்திலே கிதியோனைப் பாருங்கள். நியாயாதிபதிகள் ஆகமம், 6ஆம் அதிகாரம். மீதியானியருக்குப் பயந்து, திராட்சை ஆலைக்குள் ஒளிந்து கோதுமை அடித்துக்கொண்டிருந்தவன். பாகாலின் பலிபீடத்தை இடிக்கும்படி கர்த்தர் சொன்னபோதும், தகப்பன் வீட்டாருக்கும் ஊராருக்கும் பயந்து அவன் பகலில் போகவில்லை. வேலைக்காரரில் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு ராத்திரியில் போனான். ஏன் பகலில் செய்யவில்லை என்று கர்த்தர் அவனைக் கடிந்துகொண்டதாக அங்கே எழுதியில்லை. பலமுறை வாசித்த பகுதிதான். ஆனால் அந்தப் பத்துப் பேர் என் நினைவுக்கு வந்தது அந்த ராத்திரிதான். எழும்பிப் போய் பக்கத்து வீட்டுத் தம்பியைத் தட்டினேன். இரண்டு பேராகப் போகும்போது வாய் தானாகத் திறந்தது. பயம் போகவில்லை, அதுவும் எங்களோடு கூடவே வந்தது.

கொஸ்லந்தை மீரியாபெத்தையை மறக்க முடியுமா? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. அந்தச் சனங்கள் மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன். போவதற்கு வேறு காணியோ வீடோ இல்லாதவனைப் பார்த்து தைரியம் இல்லை என்பது பாவம். காணிக்கும் வீட்டுக்கும் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். அது கிடைக்கும்வரை, ராத்திரியில் கதவைத் தட்டவும், தட்டினால் எழும்பவும் நாம் பழகிக்கொள்ள வேண்டும்.

ஆபத்து வந்த பிறகு தைரியத்தைத் தேடினால் கிடைக்காது. எங்கள் அம்மாயி மழைக்காலத்தில் தினமும் பின்பக்க மண்மேட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஜெபிக்க உட்காருவார். ஜெபத்துக்கு முன் என்ன மேடு என்று அப்போது நினைப்பேன். இப்போது நானும் அதைத்தான் செய்கிறேன். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்குவது அல்லது நிற்பது, இவற்றைக் கண்டால் உடனே சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

வாயும் அடியும் ஒரே அகலமான டின் ஒன்றை வெட்டவெளியில் வையுங்கள். பிள்ளைகள் அடிமட்டம் வைத்து அளக்கட்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் கவனம். 100 தாண்டினால் ஆயத்தம். 150 தாண்டினால் வெளியேற வேண்டும். அளவு எப்படியிருந்தாலும் நிலம் வெடித்தால் நிற்காதீர்கள். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், சேமலாப நிதிக் காகிதம், மருந்து எல்லாம் ஒரே பையில் கதவுப் பக்கம் தொங்கட்டும். இரவு ஜெபம் முடிந்ததும் பிள்ளையின் கையால் அந்தப் பையைத் தொட்டுப் பார்க்க வையுங்கள். அப்படிப் பழகிய பிள்ளை இருட்டிலும் அதை எடுத்துக்கொண்டு ஓடும்.

இன்னொன்று. கோயிலுக்கு வராத வீட்டையும், மாரியம்மனைக் கும்பிடும் வீட்டையும் நாம்தான் தட்ட வேண்டும். மலை ஆள் பார்த்து இடியாது.

ஒரு லயத்துக்கு இரண்டு பேர் என்று பெயர் எழுதிக்கொண்டு வருகிறேன். மேல் லயத்துக்கு இன்னும் ஓர் ஆள் குறைகிறது. யார் வருகிறீர்கள்?