எந்த ஊர் என்று கேட்டால்
(பழையசீவரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் வாலாஜாபாத் வழியாக இங்கே வந்து மலையேறுகிறார். ஏட்டில் அதற்குப் பார்வேட்டை உற்சவம் என்று பெயர். ஊரார் சொல்வது வேறு. அத்திவரதர் அனந்தசரஸ் குளத்துக்குள் போனபின் காஞ்சியில் எழுந்தருளிய மூலவர், பழையசீவரத்திலிருந்து கொண்டுபோகப்பட்டவராம். அதனால்தான் ஆண்டுக்கொரு நாள் பிறந்தகம் பார்க்க வருகிறாராம். ஆதாரம் எங்கே என்று கேட்டு இந்தக் கதையோடு நான் மல்லுக்கட்டப் போவதில்லை. ஊரைவிட்டுப் போனவருக்கென ஊர் ஒரு நாளை எடுத்து வைத்திருக்கிறது, அது போதும் எனக்கு.

காஞ்சியிலிருந்து வெளியேறிய தெய்வங்களும் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மொகலாயப் படைக்கு அஞ்சி வரதரின் உற்சவத் திருமேனியை உடையார்பாளையத்துக்குக் கொண்டுபோனார்கள். 1710இல் அவர் திரும்பினார். கோயில் கல்வெட்டே அதைச் சொல்கிறது. காஞ்சியைவிட்டுப் போன பங்காரு காமாட்சியோ திரும்பவில்லை. தஞ்சாவூரிலேயே கோயில் கொண்டுவிட்டாள், அங்கே அவளை யாரும் காஞ்சிபுரத்துக்காரி என்று ஒதுக்குவதில்லை.

மனிதர்களுக்கு இந்தச் சலுகை கிடைப்பதில்லை. இத்தாலியர்களைப் பாருங்கள். 1876க்கும் 1915க்கும் இடையில் ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சம் பேர் இத்தாலியைவிட்டுப் போனார்கள். நிலமில்லாத தெற்கத்திக்காரர்கள் அதில் ஏராளம். அவர்களுக்கு ஊர்ப்பற்றைக் குறிக்க ஓர் அழகான சொல் உண்டு: காம்பனிலிஸ்மோ. கோயில் மணிக்கூண்டு என்ற சொல்லிலிருந்து பிறந்தது. மணியோசை எட்டும் தூரம்தான் ஊர். அந்த ஓசையோடு கப்பலேறியவரை அர்ஜென்டினாவில் ‘தானோ’ என்றார்கள். ‘நாபோலித்தானோ’ என்பதன் வால் அது. நேப்பிள்ஸ் பக்கமே போகாதவருக்கும் அதே பெயர்தான். அமெரிக்காவில் சம்பாதித்துத் திரும்பியவர்களை அவர்களுடைய சொந்தக் கிராமமே ‘அமெரிக்கானி’ என்றது. அறுவடைக்கு அர்ஜென்டினா போய், பருவம் மாறியதும் வீடு திரும்பிய கூலிகளுக்குத் ‘தகைவிலான்கள்’ என்று பறவையின் பெயரில் பட்டம். வேடந்தாங்கலுக்கு அருகில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பறவையிடம் நாம் குடியுரிமை கேட்பதில்லை என்பதுதான் வித்தியாசம்.

நம்மவர் கதை இதைவிடக் கசப்பானது. தேயிலைக்காகக் கடல் தாண்டிய தமிழ்க் குடும்பங்கள், இலங்கை மலையகத்தில் லயங்கள் எனும் வரிசை வீடுகளில் குடியிருந்து தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தன. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974இல் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. அண்ணன் தம்பிகள் களத்துமேட்டில் நெல் அளப்பது போலத்தான். நெல்லிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை; இவர்களிடமும் கேட்கவில்லை.

மலையகத்தில் ரயிலுக்குக் கோச்சி என்று பெயர். போகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் கட்டிப்பிடித்து அழுததால், அவர்களைச் சுமந்து இறங்கிய ரயில் ‘ஒப்பாரிக் கோச்சி’ ஆயிற்று. தலைமன்னாரில் கப்பல், ராமேசுவரத்தில் இறக்கம், மண்டபம் முகாம். அரசுத் தாளில் அவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’. பிறந்தது அங்கே, இந்த மண்ணை முதன்முதலாக மிதிப்பவர் எப்படித் திரும்பியவர் ஆவார்? இந்தச் சொல்லைப் போட்ட அதிகாரிக்கு நல்லெண்ணம் இருந்திருக்கலாம். ஆனால் அகதி என்று எழுதினால் பொறுப்பு கூடும் என்ற கணக்கும் அதில் இருந்தது என்றே நினைக்கிறேன்.

நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் போட்டதே இவர்களுக்காகத்தான். 1976இல் அது டான்டீ என்ற கழகமாயிற்று. இலங்கையில் இருந்த வரையில் ‘இந்தியாக்காரன்’. இங்கே வந்ததும் ‘சிலோன்காரங்க’. நடுக்கடலில் பெயர் மாறிவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் கோத்தகிரிப் பக்கம் ஒரு மூதாட்டியைப் பார்த்தேன். மண்டபத்திலிருந்து நேரே திருச்சிப் பக்கம் தாத்தாவின் கிராமத்துக்குப் போனார்களாம். பங்காளி வீட்டில் சோறு போட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவும்போதே, “எத்தனை நாள் இருப்பீங்க?” என்று கேட்டார்களாம். காணியில் பங்கு கேட்டுவிடுவார்களோ என்ற பயம். மூன்றாம் நாள் மலையைத் தேடிக் கிளம்பிவிட்டார்கள்.

இந்த அறக்கட்டளை யார் பெயரில் நடக்கிறதோ, அந்தப் பெரியவரும் இங்குள்ள ரயிலடியில் ஏறி ஊரைவிட்டுப் போனவர்தான். அவரைப் பற்றிப் பேச வந்துவிட்டு ஒரு கொழுந்துக்காரம்மாவின் கதையைச் சொல்கிறேன். குடும்பத்தார் பொறுத்தருள வேண்டும்.

கிளம்பும்போது அந்த அம்மாளிடம், “உங்களுக்கு எந்த ஊரும்மா?” என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டேன்.

“எதக் கேக்குறீங்க தம்பி? பூர்வீகமா, பொறந்த எடமா, ரேஷன் கார்டு இருக்கிற எடமா?”

எனக்குப் பதில் வரவில்லை. அவர் சாயத்தண்ணி போட உள்ளே போனார்.