புல்லைக் களைவோம், பட்டையைக் காப்போம்



சுங்கைப்பட்டாணி, கூலிம், பாலிங் வட்டாரங்களின் இளம் ரப்பர்க் காடுகளில், மழைக்குப் பின் லாலான் புல் எத்துணை விரைவாகத் தழைக்கிறது என்பதை நாம் அறிவோம். கன்றுக்கு இடும் உரத்திலும் மண்ணின் ஈரத்திலும் அது பங்கு பறிக்கிறது. ஆகவே, அதனை அகற்றியே தீர வேண்டும். ஆனால், புல்லை வெட்டும் வேகத்தில் மரத்தின் பட்டையையும் புண்படுத்திவிடுகிறோம். அந்த இழப்பைப் பற்றி இன்று சிந்திப்போம்.

ரப்பர் மரத்தின் செல்வம் அதன் பட்டையே. பால் குழாய்கள் பட்டையின் உட்புறத்தில் அமைந்துள்ளன. அவற்றுக்கும் கட்டைக்கும் இடையே உள்ள மெல்லிய படலம்தான் புதுப் பட்டையை உண்டாக்குகிறது. பாராங் கத்தி அப்படலத்தைக் கீறிவிட்டால், ஆறிய இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். பட்டை சுற்றிலும் வெட்டுண்டால், இலையில் உருவாகும் உணவு வேருக்கு இறங்காமல் மரமே மடியும்.

இத்தீங்கு உடனே தெரிவதில்லை. மரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் ஆன பின்னரே பால்வெட்டு தொடங்குகிறது. ஏறக்குறைய 150 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்கும் கோடு, ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கீழிறங்குகிறது. இன்று முழங்கால் உயரத்தில் விழும் காயத்தைப் பல ஆண்டுகள் கழித்தே உளி சந்திக்கும். இன்று புல் வெட்டுபவர் ஒருவர். அன்று மங்கில் பால் குறைவதைக் கண்டு வருந்துபவர் வேறொருவர். அவருடைய வருமானமோ அந்தப் பாலை நம்பியிருக்கிறது.

ஆகவே, அடிமரத்தை ஒட்டிய புல்லைக் கையாலேயே களைவோம். கத்தியை அதற்கு அப்பால் வீசுவோம். மண்வெட்டியை ஆழப் பாய்ச்சினால் மேல்வேர்கள் அறுபடும். களைந்த புல்லை மரத்தோடு சேர்த்துக் குவிக்கலாகாது. அங்கே ஈரம் தங்கும், கரையானும் மறைந்திருக்கும். நிரைகளுக்கு நடுவே பியூரேரியா போன்ற மூடுபயிர்களை வளர்த்தால் புல் அடங்கும், மண்ணும் வளம் பெறும். அக்கொடி கன்றின் மீது ஏறினால் இழுத்து விலக்குவோம்.

மருந்து அடிப்பதில் மிகுந்த கவனம் தேவை. கிளைபோசேட் போன்ற மருந்துகள் பச்சைத் தண்டின் வழியாகவும் இலையின் வழியாகவும் உட்சென்று வேர்வரை பரவும். ஆதலால், அடிமரம் பழுப்பு நிறம் அடையாத கன்றின் அருகே அவற்றைத் தெளித்தல் கூடாது. மற்ற இடங்களில், காற்றில்லாத காலை வேளையில், குழாயின் முனையைத் தாழ்த்திப் பிடித்து, கையுறையும் முகக்கவசமும் அணிந்தே தெளிப்போம். பாராகுவாட் நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து முற்றாகத் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய போத்தல் எங்கேனும் கிடந்தாலும் அதைத் தொடலாகாது.

கெடாவில் ஆண்டின் தொடக்க மாதங்கள் வறட்சி மிக்கவை. இலையுதிரும் அக்காலத்தில் காய்ந்த லாலானில் விழும் ஒரு சிகரெட் நெருப்பும் பட்டையை வேகவைத்துவிடும். வறட்சிக்கு முன்பே புல்லை ஒழித்துவிடுவது அறிவுடைமை.

வெட்டிய புல் மீண்டும் முளைக்கும். வெட்டுப்பட்ட பட்டையோ பழைய பட்டையாவதில்லை. இதனை மனத்திற்கொண்டு பணியாற்றுவோம்.