லேஸ் பின்னிய கைகள்

நூலும் ஊசியும் கொண்டு பெண்கள் செய்யும் வேலைக்கு உலகம் இரண்டு பெயர்களை இட்டு வழங்குகிறது. செல்வர் மனையில் அது பொழுதுபோக்கு. ஏழையர் குடிசையில் அது பிழைப்பு. வேலை ஒன்றே, விரல்களின் திறமையும் ஒன்றே. ஆயினும், பெயர் மாறியதும் மதிப்பு மாறுகிறது, கூலியும் மாறுகிறது. இவ்வேறுபாட்டினால் விளைந்த நன்மை தீமைகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வரலாற்றைக் கொண்டு காண்போம். அவ்வரலாற்றின் ஒரு முனை இலண்டன் மாநகரில் இருக்கிறது. மற்றொரு முனை நம் முத்துக்குளித்துறையை அடுத்த செம்மணல் தேரியில் இருக்கிறது.

விக்டோரியா அரசியார் 1837 முதல் 1901 வரை ஆண்டார். அக்காலத்தில் இங்கிலாந்தில் ஆலைகளும் வாணிகமும் பெருகின; அவற்றோடு நடுத்தரக் குடும்பங்களும் பெருகின. கணவன் அலுவலகம் சென்றான். மனைவி இல்லத்தில் இருந்தாள். அம்மனைவியை எண்ணியே மாத இதழ்கள் தோன்றின. 1852-ஆம் ஆண்டு சாமுவேல் பீட்டன் என்பவர் 'இங்கிலீஷ்வுமன்ஸ் டொமஸ்டிக் மேகஸின்' என்னும் இதழைத் தொடங்கினார். அதன் விலை இரண்டே பென்சு. சமையல் முறை, நோயாளியைப் பேணும் வகை, ஏவலரை நடத்தும் விதம், அறையை அழகுபடுத்தும் வழி, பூத்தையலுக்கு வேண்டிய சித்திரம் ஆகிய அனைத்தும் அதில் இடம் பெற்றன. 1860 முதல் பாரிஸ் நகரத்து உடைகளின் வண்ணப் படங்களும், துணியை வெட்டித் தைப்பதற்கான காகித அச்சுகளும் அதனுடன் வந்தன.

பீட்டனின் மனைவி இசபெல்லா அவ்விதழிலே எழுதிவந்தார். அவர் தொகுத்த இல்லற நிர்வாக நூல் 1861-இல் வெளிவந்தது. ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூலின் தொடக்கத்திலேயே அவர் இல்லத் தலைவியைப் படைத்தலைவனுக்கு ஒப்பிடுகிறார். இல்லத்தை நடத்துதல் ஓர் அறிவுத்துறை என்று எடுத்துக்காட்டியது அவருடைய தொண்டு. 'வாழ்க்கைத் துணைநலம்' என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரைப் பெற்ற நமக்கு இது புதிய கருத்தன்று. அந்த அம்மையார் 1865-ஆம் ஆண்டில், தம் இருபத்தெட்டாம் வயதிலேயே காலமானார்.

இவ்விதழ்கள் செய்த நன்மை பெரிது. எனினும், பூத்தையலையும் பின்னலையும் ஓய்வு நேரத்து அணிகலனாகவே அவை காட்டின. அவற்றின் வண்ணப் படங்களில் ஒயிலாக நின்ற உடைகளைத் தைத்தவர்களோ, அதே இலண்டனில் குறைந்த கூலிக்கு இரவும் பகலும் உழைத்த ஏழைப் பெண்கள். அவர்களுடைய அவலத்தைத் தாமஸ் ஹூட் என்னும் கவிஞர் 1843-இல் 'சட்டையின் பாட்டு' என்ற கவிதையாகப் பாடினார். ஆகவே, ஒரே நகரத்தில் ஒரே ஊசிக்கு இரண்டு பெயர்கள் வழங்கின.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அவ்விதழ்கள் தோன்றுவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே, ஆங்கிலப் பின்னற்கலை தென்குமரி நாட்டுக்கு வந்துவிட்டது. சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் என்ற மிஷனரி இணையர் 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்தனர். மார்த்தா அம்மையார் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். எழுத்தோடு லேஸ் பின்னுதலையும் கற்பித்தார்.

இந்த லேஸ் ஊசியால் செய்யப்படுவதன்று. இறுக அடைத்த ஒரு திண்டின்மேல் தடித்த தாளைப் பொருத்துவர். அத்தாளில் சித்திரம் முழுவதும் சிறு துளைகளாகக் குத்தப்பட்டிருக்கும். துளைதோறும் குண்டூசி நிற்கும். சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை இரண்டிரண்டாக எடுத்து, மாற்றியும் முறுக்கியும் குண்டூசிகளைச் சுற்றிக் கொண்டுசெல்ல வேண்டும். முடிந்தபின் ஊசிகளைப் பிடுங்கினால், மலரும் கொடியும் நூலிலே நிற்கும். கண்ணும் கையும் கணக்கும் ஒருங்கே இயங்கவேண்டிய வேலை இது; ஒரு நாள் முழுதும் உழைத்தாலும் வளர்வது சிறிதளவே.

மார்த்தா அம்மையாரின் மகள் எலைசா, 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்ட அறிஞர் கால்டுவெல்லை நீங்கள் அறிவீர்கள். அவர் துணைவியார் தமிழகத்திலே வளர்ந்து, தமிழைத் தாய்மொழிபோல் பேசியவர் என்பதைப் பலர் அறியார். இடையன்குடி உவரிக் கடற்கரைக்கு அணித்தான ஊர். ஆடவர் பனையேறுவர், பெண்டிர் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவர். பனைக்குரிய பருவம் முடிந்தால் வருவாய் குன்றிவிடும். அவ்வூரில் எலைசா அம்மையார் பெண்கள் பள்ளியைத் தொடங்கி, தம் தாயார் கற்பித்த லேஸ் வேலையையும் தொடங்கினார். 1883-இல் அவ்விணையர் தூத்துக்குடியில் குடியேறினர். அத்துறைமுகத்திலிருந்து நெல்லைச் சீமைப் பருத்தி பொதி பொதியாகக் கப்பலேறிய காலம் அது.

நம் பெண்களுக்கு இந்த வேலை எதைக் கொடுத்தது? முதலாவதாக, தம் கையால் ஈட்டிய பணத்தைக் கொடுத்தது. அக்காலத்தில் நாகர்கோவில் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்தது. அங்கே அடிமை முறை 1855 வரையில் சட்டப்படி நிலவியது. பள்ளியில் லேஸ் பின்னிய அடிமைப் பெண்களுள் சிலர், தாம் ஈட்டிய கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையையே விலைகொடுத்து வாங்கினர் என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. இலண்டன் சீமாட்டியின் மணிக்கட்டைச் சுற்றிய லேஸ், அதைப் பின்னியவளின் கைவிலங்கை அறுத்தது!

இரண்டாவதாக, தையற்கலை மானத்தைக் காத்தது. திருவிதாங்கூரில் நாடார் முதலிய வகுப்புப் பெண்கள் மேலாடை அணிதல் தடுக்கப்பட்டிருந்தது. மிஷன் பள்ளிகளில் பயின்ற பெண்கள் தளர்ந்த குப்பாயம் தைத்து அணியத் தொடங்கினர். அதனால் கலகங்கள் எழுந்தன, ஆடைகள் கிழிக்கப்பட்டன. 1859 ஜூலை மாதத்தில்தான் அரசர் குப்பாயம் அணிய உரிமை வழங்கி ஆணை பிறப்பித்தார். அப்போதும் மேற்குலப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்ற தடை நீங்கவில்லை. இலண்டன் இதழ்களுக்குச் சட்டையின் வடிவம் நாகரிக மாற்றம் பற்றிய செய்தி. குமரி நாட்டிலோ ஒரு சட்டையைத் தைத்து உடுத்துவதே உரிமைப் போராட்டம்.

நன்மையை மட்டும் கூறி நிறுத்துதல் வரலாறாகாது. லேஸை வாங்கியவர் பெரும்பாலும் ஐரோப்பியர்; அதன் விலையைப் பின்னியவர்கள் நிர்ணயிக்கவில்லை. கற்பித்த அம்மையாரின் பெயர் நூல்களில் நிலைத்தது. கண் வலிக்கப் பின்னியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் மறைந்தன. ஓய்வு நேரத்து வேலை என்ற பழம்பெயர் எத்துணைத் தீங்கு செய்யும் என்பதற்கு, ஆந்திர நாட்டில் கோதாவரிக் கழிமுகத்தில் உள்ள நரசாப்பூர் ஒரு சான்று. அங்கும் மிஷனரிகளே லேஸ் வேலையைப் பரப்பினர். மரியா மீஸ் என்னும் ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர் அவ்வூர்ப் பெண்களின் நிலையை ஆராய்ந்து 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டு வேலைகளுக்கு மேலாக நாள்தோறும் ஆறு மணி முதல் எட்டு மணி நேரம் பின்னிய அப்பெண்கள், தொழிலாளராகக் கருதப்படவில்லை. வீட்டில் சும்மா இருப்போர் பொழுது கழிப்பதாகவே எண்ணப்பட்டனர். அவ்வெண்ணமே கூலியைத் தாழ்த்தியது. ஏற்றுமதி வணிகரை வளர்த்தது.

தமிழிலும் மாதர் இதழ்கள் பின்னர் மலர்ந்தன. 1905-இல் தொடங்கிய 'சக்கரவர்த்தினி'க்குப் பாரதியார் ஆசிரியராக இருந்தார். சென்னையில் கமலா சத்தியநாதன் அம்மையார் 1901-இல் ஆங்கிலத்தில் மாதர் இதழ் ஒன்றைத் தொடங்கினார். பெண்ணின் அறிவும் உரிமையும் பேசப்பட்டமையே இத்தகைய இதழ்களின் சிறப்பு.

மாணவ மாணவியரே! இல்லத்தை அழகுபடுத்தும் கலையைக் கற்பது நன்று. ஆடவரும் அதைக் கற்பது இன்னும் நன்று. ஆனால் ஒரு பூத்தையலையோ பனையோலைப் பெட்டியையோ நீங்கள் கையில் எடுக்கும்போது, அதன் அழகை மட்டும் பார்த்து நின்றுவிடாதீர்கள். இதற்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று, இதன் விலையில் எத்தனை பங்கு செய்தவர் கையைச் சேர்ந்தது என்றும் கேளுங்கள். கடலில் மூழ்கி முத்தெடுத்தவனின் உழைப்பை மறவாதவர்கள் நாம். திண்டின் முன் குனிந்திருந்து நூலில் மலர் எடுத்தவளின் உழைப்பையும் தொழில் என்றே அழைப்போம். தொழிலுக்குரிய கூலியையும் தருவோம்.