குடியானவனுக்கு யோசனை சொல்ல யாருக்கு யோக்கியதை?



நம் ஊரில் விதைக்க நாள் குறித்துக் கொடுக்கிறவன் என்றைக்காவது ஏரைத் தொட்டதுண்டா? அமெரிக்காவில் குடியானவர்களுக்கு யோசனை சொன்னவர்கள் யார் யார் என்று பார்ப்போம்.

சீமன் நாப் என்பவர் பாதிரியாராக இருந்தவர். கண்ணில்லாதவர்களின் பள்ளிக்கூடத்தையும் நடத்தியவர். 1903-ல் டெக்சாசில் டெரல் என்ற ஊரில், குடியானவன் நிலத்திலேயே அவன் கையாலேயே சாகுபடி செய்து காட்டும் முறையை ஏற்படுத்தினார். பாதிரியார் பிரசங்கத்தை விட்டதுதான் இதில் விசேஷம்!

ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரோ அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். கடிதத்தில் இடம் கொடுத்த ஒரு கல்லூரி, நேரில் அவருடைய கறுப்புத் தோலைக் கண்டதும் கதவை மூடிற்று. அவரே பிறகு அயோவாவில் பட்டம் பெற்று, 1896-ல் அலபாமாவிலுள்ள டஸ்கிகீ பள்ளிக்கு ஆசிரியராகப் போனார். அங்கே வருஷா வருஷம் பருத்தியே போட்டு நிலம் செத்துக் கிடந்தது. காராமணியும் வேர்க்கடலையும் மாற்றிப் போடுங்கள், அவற்றின் வேர் முடிச்சுகள் காற்றிலிருந்து மண்ணுக்குச் சத்துச் சேர்க்கும் என்றார். 1906-ல் கலப்பையும் விதையும் ஏற்றிய வண்டியொன்று கிராமங்களுக்குப் புறப்பட்டது. அவ்வருஷமே அதை ஏற்று நடத்திய தாமஸ் காம்பெல்தான் கறுப்பு மக்களில் சர்க்கார் நியமித்த முதல் விவசாய யோசனைக்காரர்.

யோசனை நல்லதுதான். ஆனால் நிலம் உழுதவனுடையதா? வாரத்துக்கு உழுதவன் கடனில் கிடந்தான். கடன் கொடுத்தவனோ பருத்திதான் வேண்டும் என்றான். இது கார்வருக்குத் தெரியாததல்ல. ஆகவே காசில்லாதவனுக்கும் ஆகும்படி, காட்டுச் சருகையும் சதுப்புச் சேற்றையும் வாரி எருவாக்கச் சொல்லிக் கொடுத்தார்.