சீனர் கண்ட அக்குரோட்டு



வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் எழுவான்கரை மண்ணில் தென்னை வளரும், முந்திரிகை வளரும், அக்குரோட்டு வளராது. அது குளிர் நாட்டு மரம். ஆயினும், கடந்த சில ஆண்டுகளாகக் களுவாஞ்சிக்குடிக் கடைகளிலும் 'வால்நட்' என்ற பெயரோடு அதன் பருப்புப் பொதிகளில் வந்து குந்தியிருக்கிறது. வளைகுடா நாடுகளில் தொழில் செய்யும் பிள்ளைகள் பெற்றோருக்கு அனுப்பும் பொருள்களிலும் பேரீச்சம்பழத்தோடு அதுவும் இடம்பெற்றுவிட்டது. பருப்போடு அதன் புகழும் வந்திருக்கிறது. மூளைக்கு நல்லது என்பார் சிலர்; சிறுநீரகத்துக்கு உரமளிப்பது என்பார் வேறு சிலர். இரண்டாவது கூற்றுக்குச் சான்றாகச் சீன மருத்துவத்தையே காட்டுகின்றனர். சீன மருத்துவம் உண்மையில் என்ன சொல்கிறது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

சீனருக்கும் இது வந்தேறிய மரமே. அவர்கள் இதற்கு வழங்கிய பழம்பெயர் 'ஹூதாவ்' என்பது. 'தாவ்' என்றால் பீச் எனப்படும் பழம். 'ஹூ' என்பது மேற்றிசை அந்நியரைக் குறிக்கும் சொல். ஹான் அரச வமிசக் காலத்தில் மேற்கே தூது சென்ற சாங் சியென் என்பவர் இதனைக் கொண்டு வந்தார் என்று சீனர் மரபாகக் கூறுவர். வெளியிலிருந்து வந்த இம்மரத்தை இன்று உலகிலேயே மிகுதியாக விளைவிப்போரும் அவர்களே.

இப்பருப்பு மருந்தாகிய வரலாற்றில் நமக்குச் சுவையான செய்தி ஒன்றுண்டு. தாங் வமிசக் காலத்தில், தென்சீனத் துறைமுகமாகிய குவாங்சோவில் ஆளுநராக இருந்தவர் செங் யின். தாழ்ந்த, ஈரம் மிகுந்த அந்நாடு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பல நோய்கள் ஒருங்கே பற்றின. உண்ட மருந்தெதுவும் பயன் தரவில்லை. 812ஆம் ஆண்டில், ஹெலிங் நாட்டுக் கப்பல் தலைவன் ஒருவன் அவர் நிலையறிந்து ஒரு மருந்தையும் அதன் செய்முறையையும் கொடுத்தான். ஹெலிங் என்பது சாவகத் தீவிலிருந்த அரசு என்பர் ஆராய்ச்சியாளர். அம்மருந்தில் அக்குரோட்டு இருபது பங்கு. மற்றொரு விதை பத்துப் பங்கு. இரண்டையும் இடித்துத் தேனில் குழைத்து வைத்துக்கொள்ள வேண்டும். உண்ட ஏழெட்டு நாளில் குணம் தெரிந்ததாக ஆளுநரே எழுதி வைத்தார்.

அந்த மற்றொரு விதை யாது? நம் நாட்டு மருந்துக் கடைகளில் கார்போகரிசி என்று விற்கப்படுகிறதே, அதுவேதான். சீனர் அதற்கு வழங்கிய பழம்பெயர்களுள் ஒன்று 'வாகுசி' என்னும் வடமொழிப் பெயரின் திரிபு என்பர். நம் பரிகாரிமார் அதனைத் தோல் நோய்க்கும் வெண்குட்டத்துக்கும் கொடுப்பர். அதே விதை சீனத்தில் இடுப்பு வலிக்கும் முதுமைத் தளர்ச்சிக்கும் மருந்தாயிற்று. ஒரே பொருள், இரு நாட்டில் இருவேறு தொழில்! பின்னர், சொங் வமிசக் காலத்து அரசாங்க மருந்து நூலில் இவ்விரண்டோடு தூசொங் என்னும் மரப்பட்டையும் உள்ளியும் சேர்ந்து, இடுப்பு வலிக்குரிய உருண்டை மருந்தாக இடம்பெற்றன.

இன்னொரு செய்தி, 12ஆம் நூற்றாண்டினராகிய ஹொங் மாய் தொகுத்த கதைக்கோவையிலே வருவது. ஒரு குழந்தைக்குக் கபத்தோடு கூடிய கடுமையான இழுப்பு. தாய் கனவிலே கண்ட தெய்வம் சொன்னபடி, ஜின்செங் என்னும் கிழங்கையும் அக்குரோட்டையும் சேர்த்துக் காய்ச்சிக் கொடுத்தனர், இழுப்புத் தணிந்தது. மறுநாள் பருப்பின் மெல்லிய தோலை உரித்துவிட்டுக் கொடுத்தனர், இழுப்பு மீண்டது. மறுபடி தோலோடு கொடுத்தனர்; குழந்தை தேறிற்று. லீ ஷிசென் தமது பெரிய மருந்துப்பொருள் நூலிலே இதனை எடுத்தாண்டார். அந்நூல் 1596இல் அச்சேறிற்று. இன்றும் சீன வைத்தியர் இருமலுக்கும் இழுப்புக்கும் தோலோடும், மலச்சிக்கலுக்குத் தோல் நீக்கியும் அக்குரோட்டைக் கொடுக்கின்றனர். ஒரு குழந்தையின் கதை கொண்டு மருந்தை நிறுவ முடியாதுதான். ஆயினும், ஒன்றை மாற்றிப் பார்த்து, மீண்டும் பழையபடி செய்து பார்த்த அந்தக் கவனம் என்னைக் கவர்கிறது. கனவை விட அது மேலானது.

இனி, சிறுநீரகம் என்ற சொல்லுக்கு வருவோம். தொல்லை அங்கேதான் இருக்கிறது.

அக்குரோட்டு 'ஷென்' என்னும் உறுப்பை வலுப்படுத்தும் என்பது சீன மருத்துவரின் கூற்று. அச்சொல்லை ஆங்கிலத்திலும் தமிழிலும் சிறுநீரகம் என்று பெயர்த்துவிட்டோம். அவர்கள் சொல்லும் ஷென்னோ நீரைப் பிரிக்கும் இரண்டு உறுப்புகள் மட்டுமன்று. பெற்றோரிடமிருந்து பெற்ற உயிர்ச்சாரம் தங்கும் இடம் அது. வளர்ச்சியும் மகப்பேறும் அதன் ஆட்சியில் உள்ளன. எலும்பு, பல், தலைமயிர், செவிப்புலன் யாவும் அதைச் சார்ந்தவை. எலும்பினுள் உள்ள மச்சையை உண்டாக்குவதும் அதுவே. மூளை அம்மச்சையின் கடல் என்பது அவர்களின் மூலநூல் கொள்கை. உள்ளிழுக்கும் மூச்சைக் கீழே பற்றி நிறுத்துவதும் ஷென்னின் வேலையாம். முழங்கால் தளர்ச்சி, இடுப்பு வலி, கிழவரின் மூச்சுத் திணறல், மறதி என்று தொடர்பில்லாதன போலத் தோன்றும் பலவற்றுக்கும் ஒரே பருப்பைக் கொடுப்பதன் காரணம் இப்பொழுது விளங்கும். நம் சித்த மருத்துவத்தின் வாதமும் வெறுங் காற்றன்று, பித்தமும் வெறும் ஈரல் நீரன்று என்பதை அறிந்த நமக்கு இது புரியாததன்று.

காலியிலே 1911இல் கண்டெடுக்கப்பட்ட கல்லொன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டு வந்த அக்கல்லின் காலம் 1409. அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் உள. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை கூறுகிறது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்கு. பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கு. காணிக்கைப் பொருள்கள் பெரும்பாலும் ஒத்தவை, போற்றப்பட்டவர் வேறு. அக்கல்லை எழுதுவித்தோர் ஒன்றின் பெயரை மற்றொன்றின்மேல் ஏற்றவில்லை. ஷென்னைச் சிறுநீரகமாக்கிய நாமோ ஏற்றிவிட்டோம்.

இதனை வெறும் சொல்லாராய்ச்சி என்று எண்ணிவிட வேண்டாம். எனக்குத் தெரிந்த முதியவர் ஒருவர் நீரிழிவினால் சிறுநீரகம் தளர்ந்தவர். உணவுக் கட்டுப்பாடும் மாதந்தோறும் கிளினிக்கும் அவருக்கு விதிக்கப்பட்டிருந்தன. மகன் அனுப்பிய அக்குரோட்டை நாளுக்கு ஒரு கைப்பிடி உண்ணத் தொடங்கியவர், கிளினிக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். நான் கேட்டபோது, "ஆயிரம் வருசமாச் சீனாக்காரன் சொல்லுறது பொய்யா, தம்பி?" என்றார். பொய்யன்று, ஆனால், சீன வைத்தியர் சொன்னது அவருடைய நோயைப் பற்றியதன்று. மேலும், அக்குரோட்டிலே பொட்டாசியமும் பொஸ்பரசும் மிகுதி. சிறுநீரகம் நன்கு இயங்குவோருக்கு இவற்றால் தீங்கில்லை. இயக்கம் குன்றியவர் உடலில் இவை தேங்கும். பொட்டாசியம் அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். அவருக்கு மருந்தென்று தோன்றியது, அவர் அளந்து உண்ண வேண்டிய பொருளாக இருந்தது.

வடமத்திய மாகாணத்திலே 1990களில், காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் விவசாயக் குடும்பங்களிடையே பரவலாக அறியப்பட்டது. அத்தகைய நோயுள்ள ஒரு நாட்டிலே, ஒரு சொல்லின் மயக்கம் உயிரோடு விளையாடக்கூடியது.

மூளையைப் பற்றிய கூற்றுக்கும் ஒரு வார்த்தை. பருப்பின் மடிப்புகள் மூளையை ஒத்திருத்தலால் அது மூளைக்கு மருந்து என்பது ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் வழங்கிய எண்ணமே. ஸ்பெயினிலும் அமெரிக்காவிலும் அறுநூற்றுக்கு மேற்பட்ட முதியோரைக் கொண்டு இரண்டாண்டு ஆய்வொன்று நடத்தி, 2020இல் அதன் முடிவை வெளியிட்டனர். அன்றாடம் அக்குரோட்டு உண்டோரின் அறிவாற்றல், உண்ணாதோரைவிட மொத்தத்தில் மேம்பட்டிருக்கவில்லை. தீய கொழுப்புச் சிறிது குறைந்ததை மட்டும் அதே ஆய்வின் மற்றொரு பகுதி காட்டிற்று. அவ்வளவில் அது நல்ல உணவே. ஆனால், நமது கச்சானும் எள்ளும் இழிந்தவை என்று எண்ண இதில் இடமில்லை. (கச்சான் என்று இங்கே நான் சொல்வது கடலையை, ஆடி மாதத்தில் நம்மை வாட்டும் காற்றையன்று.)

அக்குரோட்டைச் சூடான பொருள் என்றே சீனரும் வகுத்துள்ளனர். உடலில் சூடு மிகுந்தவர்க்கும் மஞ்சட் சளியோடு இருமுவோர்க்கும் வயிறு இளகியிருப்போர்க்கும் அவர்கள் அதனைக் கொடுப்பதில்லை. கார்போகரிசி பற்றியும் எச்சரிக்கை வேண்டும். அதனை உட்கொண்டோ பூசியோ வெயிலில் நின்றால் தோல் வெந்து கொப்புளிக்கும். ஈரலுக்கு ஊறு நேர்ந்தமையும் சீனத்திலேயே பதிவாகியுள்ளது. செங் யின்னின் மருந்தை வீட்டில் இடித்துப் பார்க்க எவரும் முனைய வேண்டாம்.

உணவாகவே அக்குரோட்டை வாங்குவோர் சிறிதளவாக வாங்குக. அதன் எண்ணெய் விரைவிற் காறிப்போவது; நம் வெக்கையிலே திறந்த பொதி சில வாரங்களில் கைத்துவிடும். இறுக மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் சில மாதம் நிற்கும். காறல் நாற்றம் வந்தால் எறிந்துவிடுக, விலை எவ்வளவாயினும்.